பதினாறு வோல்ட்டா, இருபத்தைந்தா

ஈப்போவில் ஸ்கந்தராஜாவின் உதிரிப்பாகக் கடைக்குள் நுழைந்தால் ஐயாவு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வெளியே வந்ததில்லை. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அந்தப் புதன்கிழமை, ஒன்றரை மணி நேரம் ஆகியும் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கண்ணாடி மேசைமேல் ஏழு கெப்பாசிட்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு பால் டின்னின் உயரம், அதில் பாதிப் பருமன். வருகிற மின்சாரத்தைத் தனக்குள் தேக்கி, மேடுபள்ளம் இல்லாமல் சீராக வெளியே விடுகிற உருளைகள் அவை.

ஐயாவு ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கனம் குறைந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் இருக்கும் ரப்பர் மூடியை மோந்து பார்த்தார். பிறகு மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்து முள்ளைக் கவனித்தார். நல்ல கெப்பாசிட்டர் என்றால் முள் ஒரே தாவலில் வலது பக்கம் போய், அவசரப்படாமல் திரும்பி வந்து ஓரத்தில் ஓய்ந்துவிடும். கெட்டது பாதி வழியில் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே வந்து நின்றது, எத்தனை விநாடி எடுத்தது என்று ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டார்.

"பொம்பிளை பார்க்க வாற ஆக்கள்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டினம்," என்றார் ஸ்கந்தராஜா. "ஏழும் ஒரே பெட்டியில வந்தது காணும். எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்."

"ஒரு தாய் பிள்ளைங்கன்னா எல்லாம் ஒரே மாதிரியாவா இருக்குதுங்க, ஐயா?"

"அதுவும் சரிதான். என்ர தம்பியைப் பார்த்தால் விளங்கும்."

ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். தொலைபேசி இலாகாவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓய்வூதியம் வாங்கிய கையோடு இந்தக் கடையைத் திறந்தவர். தடித்த ஆங்கிலப் பட்டியல்களை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் படிப்பார். ஐயாவுக்கு அந்தப் பட்டியல்களில் எண்களும் படங்களும் போதும். எழுத்தெல்லாம் சோற்றுக்கு நடுவில் வரும் கறிவேப்பிலை மாதிரி. ஒதுக்கிவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

அவர் படித்தது செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் இறக்கினார்கள். அவரையும் மரத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் பதினெட்டு வயதில், பாலை உறைய வைத்துத் தகடாக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எஞ்சின் என்றால் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த மின்னாக்கியும் சேர்த்துத்தான். மாலையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு விளக்குக் கொடுப்பதும் அதுவே. எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தடவிப் போய்ப் போய் அவர் கற்றுக்கொண்டார். பிறகு லயத்து ரேடியோப் பெட்டிகள் அவரிடம் வர ஆரம்பித்தன. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது எல்லாரையும் போல அவரும் மூட்டையைக் கட்டினார். ஈப்போவின் சந்து ஒன்றில் பாட்டுப் பெட்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேதான் லியோங் தவுக்கே அவரைக் கண்டெடுத்தார்.

தவுக்கே, அதாவது முதலாளி, நாணயம் போட்டால் ஓடுகிற எல்லாவற்றையும் வைத்திருந்தார். பாட்டுப் பெட்டி, எடை பார்க்கும் இயந்திரம், அப்புறம் பின்பால். எஃகு உருண்டையைச் சரிவான பலகையில் ஓடவிட்டு, இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. சிங்கப்பூரிலிருந்து பழையதாக வாங்கி, கிந்தா பள்ளத்தாக்கின் சாப்பாட்டுக் கடைகளில் ஆங்காங்கே வைப்பார். விழுகிற நாணயத்தில் கடைக்காரருக்கு ஒரு பங்கு. அவை எல்லாவற்றுக்கும் வைத்தியர் ஐயாவு ஒருவர்தான். பதினைந்து ஆண்டுகளாக.

இப்போது அந்தப் பின்பால்களில் ஒன்று அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அது காம்பாருக்கு வெளியே, ஈயச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில், நவமணி என்கிற பெண்ணின் கடையில் இருந்தது. பிப்ரவரியில் முதல் முறை கோளாறு. துடுப்பைத் தட்டும்போதெல்லாம் சேர்ந்த புள்ளிகள் பூச்சியமாகிவிட்டன. திறந்து பார்த்தால், மின்சாரம் கொடுக்கும் பலகையில் பெரிய கெப்பாசிட்டர் கசிந்திருந்தது. பன்னிரண்டாயிரம் மைக்ரோஃபாரட், இருபது வோல்ட். வயதாகிப் போனது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இருபது வோல்ட் என்பது அமெரிக்க அளவு. ஸ்கந்தராஜாவிடம் வருகிற ஜப்பான் சரக்கில் பதினாறு உண்டு, இருபத்தைந்து உண்டு, இருபது கிடையாது. அந்த இடத்தில் ஓடுவது பதின்மூன்றரை வோல்ட் என்று ஐயாவு அளந்து பார்த்தார். பதினாறு தாங்கும். அதோடு பதினாறுதான் பழைய பிடிவளையத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. இருபத்தைந்து கொஞ்சம் பெருத்தது. பதினாறையே போட்டார்.

மே மாதம் அது வெடித்தது. கடைக்குள் மீன் கருகியது போல் நாற்றம் என்று நவமணி தகவல் அனுப்பினாள். ஐயாவு போய்ப் பலகையை மட்டும் கழற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்து, தன் பட்டறை மேசையில் வைத்து, உயர்ந்த ரகப் பதினாறு ஒன்றைப் போட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினார். மாட்டிய பிறகு காம்பாரில் அளந்து பார்க்கவில்லை. பெட்டியின் உள்பலகையில் அவர் கையாலேயே பென்சிலில் எழுதியிருந்தது: "205. பகல் 2 மணி. 1979." அந்தக் கடைக்கு வருகிற மின்சாரம் 205 வோல்ட். தானே அளந்ததைத் தானே ஏன் மறுபடி அளக்க வேண்டும்?

மாறாக, அவர் நவமணியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"யாராச்சும் பிளக்கைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுனீங்களா, தங்கச்சி?"

"இல்லையே, அண்ணே. ஏன்?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது புடுங்கிச் சொருகினா இப்படி ஆகும்."

அதோடு விட்டிருக்கலாம். ஈப்போவுக்கு வந்து தவுக்கேயிடமும் சொன்னார்: "சாமான் நல்ல சாமான்தான். அங்க கவனிப்பு இல்ல." இப்போது மூன்றாவது முறையும் புள்ளிகள் பூச்சியமாகின்றன என்று செய்தி வந்ததும் தவுக்கே யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை லாரி அனுப்பி அந்த மெஷினைத் தூக்கிவிடுவது, நல்ல கடையாகப் பார்த்து வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். நவமணியின் கணவன் வேலை செய்த சுரங்கம் மூடியாகிவிட்டது. மெஷினும் போய்விட்டால் அந்தக் கடைக்கு மாலையில் வந்து உட்கார ஆள் இருக்காது.

லாரிக்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்று ஐயாவு கேட்டு வாங்கிய நாள்தான் வியாழக்கிழமை. அதற்காகத்தான் இந்த ஏழு.

"நான் சொல்லுறதைக் கேளும்," என்றார் ஸ்கந்தராஜா. "இருபத்தைஞ்சைப் போடும். போட்டுவிட்டு மறந்துவிடும்."

"போடலாங்க. ஆனா பதிமூணரைக்குப் பதினாறு தாங்கணும். ரெண்டு தடவை தாங்கல. ஏன் தாங்கலன்னு தெரியாம இருபத்தஞ்சைப் போட்டா, அது வலி தெரியாம இருக்க மாத்திரை போட்ட மாதிரில்லா. நோவு உள்ள இருக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பெட்டியில பழைய சரக்கு ஏதாச்சும் கலந்திருக்குமோ, ஐயா?" என்றார்.

ஸ்கந்தராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர கடைச் சாமானையோ சொல்லுறீர்?"

"கேட்டேங்க."

"நீர் கேட்ட விதம் கேள்வி மாதிரி இல்லை. அடியில தேதிக் குறி இருக்கு, வாசியும். போன வருஷம் செய்தது. சாமானைச் சந்தேகப்பட்டீர், கடையைச் சந்தேகப்பட்டீர். இனி மிச்சம் ஆர்?"

ஐயாவு, ஏழில் மிக மெதுவாக முள் திரும்பிய பதினாறு ஒன்றையும், இருபத்தைந்து வோல்ட்டில் ஒன்றையும், அதற்கேற்ற பெரிய பிடிவளையத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை சாப்பிடும்போது மனைவி வீரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள்.

"அந்தப் பொண்ணு பிளக்கைப் புடுங்குனத நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்க்கல."

"வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தவுக்கேகிட்டப் போய்ச் சொன்னீங்க? எங்க இடத்துலயும் இதே கதைதான். மெசின் கெட்டா முதல்ல எங்க கையைத்தான் பார்க்கிறானுங்க." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அவர் காம்பாரில் இருந்தார். நவமணி கடையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக "வாங்கண்ணே" என்பவள், இப்போது தலையை மட்டும் அசைத்தாள். கடையின் பின்பக்கம், மெஷினிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, அவள் கணவன் பத்துமலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் பதினெட்டு வருடம் பம்ப் ஓட்டியவன். தோளும் கையும் வெங்காயத்துக்குச் சம்பந்தம் இல்லாத அளவில் இருந்தன.

"என்ன பத்துமலை, அங்க போய் உக்காந்திட்ட?"

"எனக்கு உத்தரவு அப்படி, அண்ணே. அந்த மெசினுக்கும் எனக்கும் பத்தடி இருக்கணும்."

நவமணி திரும்பாமலேயே சொன்னாள்: "நீங்கதான்ணே கேட்டீங்க, யாரு பிளக்கைப் புடுங்குனதுன்னு. கடையில நாள் பூரா சும்மா இருக்கிற ஆளு இவரு ஒருத்தர்தான். நான் வேற யாரைக் கேப்பேன்?"

"கேட்டா பரவாயில்லண்ணே," என்றான் பத்துமலை. "நான் இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் பத்தடிதான்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஐயாவு சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டார். மேல் கண்ணாடியில் வரைந்திருந்த படத்தில் குதிரைமேல் ஒரு பெண் சாட்டையை வீசிக்கொண்டிருந்தாள். மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பற்றவைக்கும் இரும்பைச் சொருகித் தாங்கியில் வைத்தார். பலகையைக் கழற்ற ஆறு திருகாணி. காம்பாரில் இரும்பு சூடாக எப்போதும் நேரம் எடுக்கும். ஈப்போவில் பழகின அதே இரும்பு இங்கே வந்தால் சோம்பல்படும். ஆறு திருகாணியையும் கழற்றி, பலகையை வெளியே எடுத்து, தூசி தட்டி, ஒரு சிகரெட்டில் பாதி இழுத்தால்தான் ஈயக் கம்பி உருகும். அது அவருக்கு ஏழு வருடப் பழக்கம்.

இரண்டாவது திருகாணியிலேயே இரும்பு சூடேறிய வாடை வந்தது.

நுனியில் ஒட்டியிருந்த பழைய பசை புகைந்துகொண்டிருந்தது. ஐயாவு ஈயக் கம்பியை எடுத்துத் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் உருகி, ஒரு மணியாக உருண்டு தரையில் விழுந்தது.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். நவமணி, "என்னண்ணே?" என்றாள். அவர் இரும்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை எடுத்து, சுவரில் இருந்த துளைகளில் கம்பிகளைச் சொருகினார். முள் 205ஐத் தாண்டியது. 220ஐத் தாண்டியது. 246இல் போய் நின்றது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். கம்பிகளை எடுத்து மறுபடி சொருகினார். 246.

"பத்துமலை," என்றார். "உன் பம்பு எப்ப நின்னுச்சு?"

"மார்ச்சு கடைசியில. ஏன்?"

"உன்னோடது மட்டுமா?"

"எங்க ஈய லொம்போங்குல ஒம்பது பம்பு. ஒரே நாள்ல நிறுத்திட்டானுங்க. அந்தாண்ட கரையில ஆறு பம்பு, அது அதுக்கும் முன்னாடியே போச்சு." வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான், பத்தடி ஞாபகம் வந்து பாதியில் நின்றான். "நூறு குதிரை சக்தி மோட்டாருண்ணே ஒவ்வொண்ணும். நாங்க காலையில சுவிச்சைத் தட்டினா இங்க விளக்கு அப்படியே மஞ்சளாப் போயிரும். இவ திட்டுவா. இப்பப் பாருங்க, பால் மாதிரி எரியுது."

"பால் மாதிரி எரிஞ்சு மூணு பல்பு போச்சு," என்றாள் நவமணி.

ஐயாவு மெஷினின் அடிப் பெட்டியைத் திறந்தார். டிரான்ஸ்ஃபார்மரின் முதுகில் ஐந்து செப்புக் காதுகள் இருந்தன. ஊருக்கு ஊர் மின்சாரம் எவ்வளவு வருகிறதோ, அதற்கேற்ற காதில் கம்பியைப் பற்றவைக்க வேண்டும். சுரங்க ஊர்களில் பம்புகளின் இழுப்பில் மின்சாரம் எப்போதும் தாழ்ந்தே வரும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் ஈப்போவுக்குத் தெற்கே போகிற எந்த மெஷினுக்கும் தாழ்ந்த காதில் கம்பியை வைப்பது பழக்கம். 1979இல் ஐயாவும் அப்படித்தான் வைத்தார். அன்றைக்கு அது முற்றிலும் சரி. பிப்ரவரியில்கூடச் சரி. மார்ச்சில் பம்புகள் நின்றன. 205 வந்த இடத்தில் 246 வந்தது. பதின்மூன்றரை ஓட வேண்டிய இடத்தில் பதினாறைத் தாண்டி ஓடியது. பதினாறு வோல்ட் கெப்பாசிட்டர் இரவும் பகலும் தன் எல்லைக்கு வெளியே நின்று வெந்துகொண்டிருந்தது.

சரிபார்க்க அவர் மெஷினின் பிளக்கை மாட்டி, பலகையில் மீட்டரை வைத்தார். பதினாறே கால் வோல்ட். கணக்கில் வந்தது போலவே இருந்தது. கணக்கு சரியாக வந்தால் அவருக்கு எப்போதும் ஒரு நிறைவு வரும். இந்த முறை வரவில்லை.

அந்த 1979ஆம் ஆண்டுப் பென்சில் எழுத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரான, அழகான எழுத்து. அதை நம்பிக்கொண்டு அவர் மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்டிருந்தார். இருபத்தைந்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பியிருந்தால் யாருக்கும் தெரியாது. கெப்பாசிட்டர் தாங்கியிருக்கும். ஆனால் அதற்கு அடுத்து நிற்கிற, வோல்ட்டைக் குறைக்கும் பாகம் அந்தக் கூடுதலை எல்லாம் சூடாகக் குடித்துக் குடித்து ஆறு மாதத்தில் கருகியிருக்கும். அப்போது பலகையே போயிருக்கும். அதற்கும் ஒருவேளை பத்துமலைதான் பொறுப்பாகியிருப்பான்.

அவர் எழுந்து நின்றார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, இது பிளக்கால வந்த கோளாறு இல்ல. யாரும் புடுங்கல. நான் வச்ச கம்பி தப்பான இடத்துல இருக்கு. முன்ன சரியா இருந்துச்சு. பம்பு நின்னப்புறம் தப்பாப் போச்சு. மே மாசம் வந்தப்பவே அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அளக்கல."

நவமணி கையிலிருந்த துணியை மடித்தாள். "ரெண்டு மாசமா நான் இவர்கிட்ட ஒழுங்காப் பேசல, அண்ணே."

"தப்புத்தான்."

"வேலை போன மனுசன். ஏற்கனவே ஊர்ல ஆளாளுக்குக் கேக்குறான், என்ன பத்துமலை, சும்மாவா இருக்கன்னு. அதுல நானும் சேர்ந்துகிட்டேன்."

"விடு," என்றான் பத்துமலை.

"நான் ஏன் விடணும்? நாளைக்கு லாரி வருதுல்ல. என்கிட்டச் சொன்னாப் போதுமா? தவுக்கேகிட்ட யாரு சொல்றது?"

சொல்லிவிட்டு அவள் இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை எடுத்து, கல்லாப் பக்கத்தில் இருந்த தொலைபேசியின் பூட்டைத் திறந்தாள். வாடிக்கையாளர்கள் சுழற்றிவிடாமல் இருக்க எண் வட்டில் பூட்டுப் போட்டிருந்தாள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

தவுக்கேயும் ஐயாவும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். ஐயாவு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். பம்பு, 246, தாழ்ந்த காது, மேயில் அளக்காதது, எதையும் விடவில்லை. மறுமுனையில் தவுக்கே கணக்குப் போடும் மணிச்சட்டத்தின் மணிகளைத் தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்போ கடைக்காரி?" என்றார் தவுக்கே.

"அவங்க மேல ஒண்ணும் இல்ல. நான் தெரியாமச் சொன்னது. சாலா சாயா, தவுக்கே." தப்பு என்னுடையது.

மணிச் சத்தம் நின்றது. "பதினஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கே. இந்த வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதில்ல."

"சொல்ற மாதிரி ஒண்ணும் வரல, தவுக்கே."

"இல்ல, வந்திருக்கும். நீ அளந்திருக்க மாட்ட." தவுக்கே இருமினாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. "இப்படித் தாழ்ந்த காதுல வேற எத்தனை மெசின் இருக்கு?"

ஐயாவுக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவில்லை. மனதுக்குள் ஊர் ஊராகப் போய் எண்ணினார். "பன்னெண்டு. கோப்பெங்கிலிருந்து பீடோர் வரைக்கும்."

"சரி. நாளைக்கு லாரி வராது. ஆனா அந்தப் பன்னெண்டுல ஒண்ணு வெடிச்சாலும், அதே லாரியில உன்னை ஏத்துவேன்."

நவமணிக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஐயாவு சொன்னதை அவள் கேட்டாயிற்று. லாரி வராது என்று அவர் திரும்பிச் சொன்னதும் தொலைபேசியை எடுத்துப் பூட்டினாள்.

வேலையை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஐயாவு முதலில் கம்பியைத் தாழ்ந்த காதிலிருந்து எடுத்து 240க்கான காதில் பற்றவைத்து, மறுபடி அளந்தார். பதின்மூன்று புள்ளி ஆறு. அதற்குப் பிறகுதான் கெப்பாசிட்டரைக் கையில் எடுத்தார். இப்போது பதினாறே போதும். ஆனால் பதினாறு என்பது எல்லையை ஒட்டி ஒட்டிப் போவது. பிப்ரவரியில் பிடிவளையத்துக்குப் பயந்து அதைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் அவர் தனக்குள் ஒப்புக்கொண்டார். வளையத்தைக் கழற்றி, பெரியதை மாட்ட இரண்டு துளைகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, இருபத்தைந்து வோல்ட் உருளையை உட்கார வைத்தார். முதலில் காது, பிறகு கெப்பாசிட்டர். அந்த வரிசையில் செய்தால்தான் இருபத்தைந்துக்கு மரியாதை.

"இப்ப யாராச்சும் நல்லா அடிச்சு ஆடணும்," என்றார். "பத்து ஆட்டமாவது ஆடினாத்தான் தெரியும். மெல்லத் தட்டினா பிரயோசனம் இல்ல. ரெண்டு துடுப்பையும் சேர்த்து அடிக்கணும்."

கடையில் அப்போது வாடிக்கையாளர் யாரும் இல்லை. நவமணி கல்லாவிலிருந்து நாணயங்களை எடுத்தாள். பத்துமலையின் முன்னால், வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள்.

"போய் ஆடுங்க."

"கை வெங்காய நாத்தம் அடிக்குது."

"அடிக்கட்டும்."

பத்துமலை கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தான். முதல் உருண்டை நேராகக் குழிக்குள் விழுந்தது. இரண்டாவதும். பம்பு ஓட்டிய கை. துடுப்புப் பொத்தானை அழுத்தவில்லை, அறைந்தான். மெஷினே ஒரு விரற்கடை நகர்ந்தது.

"இதுக்குத்தான் பத்தடி," என்றாள் நவமணி. ஆனால் அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது ஆட்டத்தில் புள்ளி பத்தாயிரத்தைத் தாண்டியது. எவ்வளவு அறைந்தும் பூச்சியமாகவில்லை.

ஐயாவு பெட்டியை மூடவில்லை. ஒரு காகிதத்தில் பன்னிரண்டு ஊர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. எந்த ஊரில் எந்தச் சுரங்கம் நின்றது, எது இன்னும் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. பம்புகள் இன்னும் ஓடுகிற ஊரில் காதை மாற்றினால் எதிர்ப்பக்கமாகத் தப்பாகிவிடும். அவர் காகிதத்தைப் பத்துமலையிடம் நீட்டினார்.

பத்துமலை ஆடிக்கொண்டே பார்த்தான். "மாலிம் நாவார், போச்சு. கோப்பெங்குல ரெண்டு போச்சு, ஒண்ணு அரை நாள் ஓடுது. தாப்பா எனக்குத் தெரியல, ஆனா கேக்க ஆள் இருக்கு." உருண்டை விழுந்தது. இந்த முறை அவன் அதைக் கவனிக்கவில்லை. "மூடின எடத்துல எல்லாம் நம்மாளுங்கதாண்ணே வேலை செஞ்சானுங்க. எங்க, எந்த நாளு, எந்த பம்புன்னு கேட்டா சொல்லுவானுங்க."

"சனிக்கிழமை வர்றியா?"

பத்துமலை மனைவியைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றாள் நவமணி. "வெங்காயம் நான் உரிச்சுக்கிறேன்."

திங்கட்கிழமை ஐயாவு ஸ்கந்தராஜாவின் கடைக்குப் போய், பயன்படாத பதினாறைத் திருப்பி வைத்துவிட்டு, சாமானில் குறை இல்லை என்று சொன்னார். ஸ்கந்தராஜா அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "எனக்கு முதலே தெரியும் காணும்," என்றார். "குறை எங்கே இருந்தது எண்டு சொல்லும்." ஐயாவு சொன்னார். ஸ்கந்தராஜா பட்டியலில் பார்த்து இருபத்தைந்து வோல்ட்டில் பன்னிரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐயாவு மீட்டரை எடுத்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு மெஷின்களையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஐயாவுவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் பத்துமலை, மடியில் கருவிப் பெட்டி. கடைக்குள் போனதும் முதல் வேலை சுவரில் மீட்டரை வைப்பது. அதற்குள் பத்துமலை வெளியே யாரையாவது பிடித்துப் பேசிக்கொண்டிருப்பான். ஒன்பது இடத்தில் காதை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் வேண்டியிருக்கவில்லை.

மிச்சம் ஒன்று தெமோவில் இருந்தது. அங்கே சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டர் 210 காட்டியது. ஐயாவு காதைத் தொடாமல் பெட்டியை மூடினார். பத்துமலை சாலையோரத்தில் நின்று, தூரத்தில் கேட்கும் பம்புச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்து நின்ற ஐயாவுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

"ரெண்டு பம்பு குறைச்சிட்டானுங்க," என்றான் பத்துமலை. "மிச்சத்தையும் பழுது பார்க்காம ஓட்டுறானுங்க. மூடப் போறவன்தான் அப்படி ஓட்டுவான். ரெண்டு மாசம் தாங்கும், அண்ணே. அப்ப வந்து மாத்திக்கலாம்."

சுரங்கம் இரண்டு மாதமும் பதினோரு நாளும் தாங்கியது.